கண்மாய் ஒன்று, பரப்பளவு மூன்று: எந்த எண்ணை நம்புவது?

மதுரை மாவட்டத்தில் நீர்நிலைகளைப் பதிவு செய்யும் தன்னார்வக் குழு ஒன்றைச் சேர்ந்த வாசகர் கேட்டிருக்கிறார்: "உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரையுள்ள கண்மாய்களின் எல்லைகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைந்து, போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறோம். ஒரே கண்மாயின் பரப்பளவு ஓரிடத்தில் 0.000033 என்றும், வேறோரிடத்தில் 41.5 ஹெக்டேர் என்றும், மற்றோரிடத்தில் 40 ஹெக்டேர் என்றும் வருகிறது. பழைய சர்வே வரைபடத்தை அடியில் வைத்துப் பார்த்தால் கண்மாய்கள் அனைத்தும் ஒரே பக்கமாக விலகி நிற்கின்றன. ஒவ்வொரு கண்மாயிலிருந்தும் 500 மீட்டருக்குள் இருக்கும் கிணறுகளைப் பட்டியலிடச் சொன்னால் விடை வர நெடுநேரம் ஆகிறது. எதை, எங்கே சரிசெய்ய வேண்டும்?"

கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருந்தாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். தரவுத்தளத்தில் இருக்கும் ஓர் எண்ணிணை எந்த ஆயத்தொலைவு முறையை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் எந்த முறையைச் சேர்ந்தது என்பது தெரியாதவரை, அது நிலத்தில் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. அந்த முறையை ஒவ்வொரு அடுக்குக்கும் (ஒரே வகைத் தரவு அடங்கிய வரைபடத் தொகுதி) சரியாக அறிவித்து, சேமிப்பதற்கு ஒரே முறையை வைத்துக்கொண்டால், நீங்கள் சொல்லும் குழப்பங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலில் பரப்பளவை எடுத்துக்கொள்வோம். 0.000033 என்ற எண்ணில் கணக்குப் பிழை எதுவும் இல்லை; அதன் அலகு சதுர டிகிரி. கைபேசியின் ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளுக்கு உரிய முறை இபிஎஸ்ஜி 4326 (இபிஎஸ்ஜி என்பது ஒவ்வொரு ஆயத்தொலைவு முறைக்கும் எண் கொடுத்துள்ள பட்டியல்). அந்த முறையில் உள்ள அடுக்கில் பரப்பைக் கேட்டால், மென்பொருள் டிகிரியை டிகிரியால் பெருக்கி விடை தருகிறது. மதுரையின் அட்சரேகையில் ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 109.7 கிலோமீட்டர், ஆகவே ஒரு சதுர டிகிரி ஏறத்தாழ 12,100 சதுர கிலோமீட்டராகிறது. 40 ஹெக்டேர் என்பது 0.4 சதுர கிலோமீட்டர் என்பதால் 0.000033 என்ற எண் கிடைக்கிறது. இது எவர் கண்ணுக்கும் உடனே தவறாகத் தெரியும் என்பதால் இதனால் ஆபத்து குறைவு.

உண்மையில் கவலைப்பட வேண்டியது 41.5 ஹெக்டேர் என்ற எண்ணைப் பற்றித்தான். அது நம்பத்தகுந்ததாகத் தோன்றும், அறிக்கையில் அச்சாகும், எவரும் மறுபடி கேட்கமாட்டார்கள். இணையவழி வரும் செயற்கைக்கோள் படங்கள் வெப் மெர்கேட்டர் எனப்படும் இபிஎஸ்ஜி 3857 முறையில் வருகின்றன. புதிய திட்டத்தில் அந்தப் படத்தை முதலில் சேர்த்தால், க்யூஜிஐஎஸ் இயல்பாகத் திட்டத்தின் முறையையும் 3857 ஆக்கிவிடும். அதன் பிறகு நீங்கள் உருவாக்கும் அடுக்கும் அதே முறையில் அமைந்துவிட வாய்ப்பு உண்டு. இந்த முறையில் அலகு மீட்டர் என்று எழுதியிருக்கும். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அந்த மீட்டர் நிலத்தின் மீட்டரைவிடப் பெருகிக்கொண்டே போகும். பரப்பளவு குமரிமுனையில் ஏறத்தாழ 2.7 சதவீதமும், மதுரையில் 3.7 சதவீதமும், சென்னையில் 6 சதவீதமும், டெல்லியில் 30 சதவீதமும் கூடுதலாகக் காட்டப்படும். உங்கள் 40 ஹெக்டேர் கண்மாய் 41.5 ஆனது இதனால்தான். 3857 என்பது திரையில் படத்தைக் காட்டுவதற்கான முறை. அதில் அளவு எடுக்கவே கூடாது.

40 ஹெக்டேர் என்ற விடை, க்யூஜிஐஎஸ் கணக்கீட்டுப் பெட்டியில் டாலர் குறியுடன் தொடங்கும் ஏரியா என்ற மாறியைப் பயன்படுத்தியபோது வந்திருக்கும். அடுக்கு எந்த முறையில் இருந்தாலும், திட்டத்தின் அமைப்பில் கொடுத்துள்ள புவி நீள்வட்டத்தின் (பூமியின் உருவத்துக்கான கணித வடிவம்) மீது அது பரப்பைக் கணக்கிடுகிறது. அதே பெட்டியில் உருவத்தை அடைப்புக்குறிக்குள் கேட்கும் ஏரியா என்ற செயற்கூறோ (ஃபங்ஷன்) அடுக்கின் தட்டையான எண்களை அப்படியே பெருக்குகிறது. பெயரில் இவ்வளவு ஒற்றுமை இருந்தும் விடையில் இவ்வளவு வேற்றுமை இருப்பதால், குழுவில் அனைவரும் முதல் வகையையே பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் இதற்கு இணையானது, உருவத்தைப் பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் ஜியாகிரஃபி வகைக்கு மாற்றிய பின் எஸ்டி ஏரியாவைக் கேட்பது. அப்போது விடை சதுர மீட்டரில் வரும். 10,000 ஆல் வகுத்தால் ஹெக்டேர்.

சேமிப்புக்கு எந்த முறை சிறந்தது என்ற கேள்வி இங்கே எழும். மதுரை மாவட்டத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. யூடிஎம் எனப்படும் மீட்டர் முறையில் உலகம் ஆறு டிகிரி அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை உங்கள் மாவட்டத்தின் ஊடாகவே செல்கிறது. உசிலம்பட்டி 43இல் விழுகிறது. மதுரை நகரமும் மேலூரும் 44இல் விழுகின்றன. இதைக் கண்டு அடுக்குகளை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. மாவட்டம் முழுவதற்கும் 44ஆம் மண்டலத்தையே, அதாவது இபிஎஸ்ஜி 32644ஐயே வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்குச் சற்று அப்பால் இருக்கும் உசிலம்பட்டியில்கூட இதனால் பரப்பில் வரும் மிகை 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 40 ஹெக்டேர் 40.08 ஆகும். ஒருவர் 43இலும் இன்னொருவர் 44இலும் வரைந்து, அறிவிப்பைக் கவனிக்காமல் ஒன்றாகச் சேர்ப்பதுதான் பெருங்கேடு. 43இன் எண்களுக்கு 44 என்று பெயரிட்டால் உருவம் ஆறு டிகிரி கிழக்கே தள்ளப்பட்டு, உசிலம்பட்டிக் கண்மாய் இலங்கைக்கும் அப்பால் வங்கக் கடலில் போய் விழும்.

பெயரிடுவதும் மாற்றுவதும் வேறுவேறு செயல்கள் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஐயமற அறிந்திருக்க வேண்டும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி செட்எஸ்ஆர்ஐடி என்ற செயற்கூறு எண்களைத் தொடுவதே இல்லை. இவை இன்ன முறையைச் சேர்ந்தவை என்று அடையாளச் சீட்டை மட்டும் ஒட்டுகிறது. எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம் என்பதே எண்களை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்குக் கணக்கிட்டு மாற்றுகிறது. க்யூஜிஐஎஸ்ஸிலும் இதே இரட்டை உண்டு: அடுக்கின் முறையைக் குறிப்பிடும் வசதி ஒட்டுவது, ரீபுரொஜெக்ட் என்ற வசதி மாற்றுவது. அடையாளம் இல்லாத அல்லது தவறான அடையாளம் உள்ள தரவுக்கு முதலாவது. அடையாளம் சரியாக இருந்து வேறு முறை தேவைப்படும்போது இரண்டாவது. டிகிரியில் உள்ள அடுக்கை மீட்டருக்குக் கொண்டுவர வேண்டிய இடத்தில் ஒட்டும் வசதியைப் பயன்படுத்தினால், 78 டிகிரி என்பது 78 மீட்டராகப் படிக்கப்பட்டு, மாவட்டம் முழுவதும் நிலநடுக்கோட்டின் அருகே ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும்.

கிணறுகளின் புள்ளிகளைக் கைபேசிப் பட்டியலிலிருந்து ஏற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். பேச்சு வழக்கில் அட்சரேகையை முதலில் சொல்கிறோம். போஸ்ட்ஜிஐஎஸ் தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கிறது. இரண்டும் இடம் மாறினால் மதுரைக் கிணறு ஆர்க்டிக் பெருங்கடலில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் தோன்றும். கிணறுகள் "காணாமல்" போனால் உலக வரைபடத்தில் அங்கே தேடிப் பாருங்கள்.

பழைய வரைபட விலகலுக்கு வருவோம். இந்திய சர்வே துறையின் பழைய மைலுக்கு ஒரு அங்குல, 1:50,000 தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தையும் மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரைத் தொடக்கமாகக் கொண்ட நில ஆதாரத்தையும் (டேட்டம்; ஆயத்தொலைவுகளை அளக்கும் தொடக்க நிலை) அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸும் இன்றைய செயற்கைக்கோள் படங்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது ஆதாரத்தைப் பின்பற்றுகின்றன. தாளின் ஓரத்தில் அச்சிட்டுள்ள டிகிரியை அப்படியே 4326 என்று கொடுத்துப் பொருத்தினால், தென் தமிழகத்தில் நூறு மீட்டருக்கும் மேலான விலகல் வரும். உங்கள் கண்மாய்கள் "ஒரே பக்கமாக" விலகி நிற்பதே இதற்கு அடையாளம். வரைந்தவர்களின் கைப்பிழையாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விலகியிருக்கும். தாளை ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போது (நிலத்தின் ஆயத்தொலைவுகளோடு பொருத்தும்போது) கல்யாண்பூர் 1975 என்ற முறையை, அதாவது இபிஎஸ்ஜி 4146ஐத் தேர்ந்து, நான்கு மூலைகளையும் உள்ளே இருக்கும் கட்டக் குறுக்குகளையும் கொடுத்து, அதன் பிறகு 32644க்கு மாற்றுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வெளியான திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே இருப்பதால் அவற்றுக்கு இது வேண்டாம்; எனவே தாளின் அடிக்குறிப்பைப் படித்த பிறகே முடிவெடுங்கள். படத்தைக் கையால் பிடித்து இழுத்துக் கண்மாயின் மேல் பொருத்தும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். ஓரிடத்தில் பொருந்துவது பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பொருந்தாது, செய்த மாற்றம் எங்கும் பதிவாகவும் இருக்காது. முறைப்படி மாற்றிய பிறகும் 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் 25 மீட்டர் அகலம் என்பதை மறக்க வேண்டாம்.

கிணற்றுப் பட்டியல் தாமதமாவதற்குக் காரணம், வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எழுதிய விதமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒவ்வொரு கிணற்றுக்கும் எஸ்டி டிஸ்டன்ஸைக் கணக்கிட்டு, அது 500க்குக் குறைவா என்று கேட்டால், ஆயிரம் கண்மாய்க்கும் இருபதாயிரம் கிணற்றுக்கும் இரண்டு கோடி முறை தூரம் அளக்க வேண்டியிருக்கும். இடஞ்சார்ந்த இண்டெக்ஸ் (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவும் அமைப்பு) இருந்தாலும் இந்த வடிவில் அது பயன்படாது. எஸ்டி டிவித்தின் என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள். அது முதலில் ஒவ்வொரு உருவத்தையும் சூழும் செவ்வகத்தை ஜிஸ்ட் என்ற வகை இண்டெக்ஸில் தேடி, தொலைவில் இருப்பவற்றைக் கணக்கிடாமலேயே ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் சிலவற்றுக்கு மட்டும் உண்மைத் தூரத்தை அளக்கிறது. இரு அட்டவணைகளின் உருவ நெடுவரிசைகளிலும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் இருப்பது நல்லது. பெருமளவு தரவு ஏற்றிய பின், தரவின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையையும் ஒருமுறை கொடுங்கள்.

இங்கும் ஆயத்தொலைவு முறை குறுக்கிடுகிறது. 4326இல் உள்ள சாதாரண உருவ நெடுவரிசையில் 500 என்று கொடுத்தால் அது 500 டிகிரி என்று பொருள்படும். உலகத்தின் எல்லாக் கிணறுகளும் எல்லாக் கண்மாய்க்கும் "அருகில்" வந்துவிடும். அதைத் தவிர்க்கச் சிலர் நிபந்தனைக்குள்ளேயே எஸ்டி டிரான்ஸ்ஃபார்மை எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் மூல நெடுவரிசைமீது கட்டிய இண்டெக்ஸ் பயனற்றுப் போகும், ஒவ்வொரு முறையும் எல்லா உருவங்களும் மாற்றப்படும். உருவங்களை 32644இல் நிரந்தரமாகச் சேமித்து அதன் மேல் இண்டெக்ஸ் கட்டினால் 500 என்பது உண்மையாகவே 500 மீட்டராகும், வினவலும் விரைவாக முடியும். ஐயம் இருந்தால் வினவலுக்கு முன் எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்று சேர்த்து ஓட்டுங்கள்; இண்டெக்ஸ் ஸ்கேன் என்ற சொல் காட்டப்படும் செயல்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைகளை வரையும்போது கோடு தன்னையே வெட்டி எட்டு வடிவமாகிவிட்டால் பரப்பளவில் ஒரு பகுதி மற்றொரு பகுதியைக் கழித்துவிடும். எஸ்டி இஸ்வேலிட் கொண்டு இவற்றைப் பொறுக்கி எடுங்கள். எஸ்டி மேக்வேலிட் தானாகச் சரிசெய்யும் என்றாலும், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துவதையே நான் பரிந்துரைப்பேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டும் உரைக்கு 254 பைட்டும்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுப்பதால் ஊர்ப்பெயரும் குறிப்பும் பாதியில் வெட்டுப்படும். களத்திலிருந்து வரும் தரவுக்கு ஜியோபேக்கேஜ் வடிவையே பயன்படுத்துங்கள். ஊர்ப்பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்கவும் வேண்டாம்: "மேலூர்" என்பதையே ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் தட்டச்சு செய்வார்கள், ஒகர உயிர்மெய்யைக்கூட ஒற்றைக் குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை கணினிக்கு வேறாக இருக்கும். மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தின் (எல்ஜிடி) கிராமக் குறியீட்டு எண்ணை இணைப்புக்கு வைத்துக்கொண்டு, பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்திருங்கள்.

பரப்பளவை அறிவிக்கும்போது எத்தனை தசமம் என்பதிலும் நேர்மை வேண்டும். 40 ஹெக்டேர் கண்மாயின் சுற்றளவு இரண்டரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் பிக்சல் கொண்ட படத்தில் கரையை அரைப் பிக்சல் வெளியே தள்ளி வரைந்தாலே 1.25 ஹெக்டேர் கூடிவிடும். வெப் மெர்கேட்டரின் மிகைக்கு இது ஏறத்தாழ சமம். மேலும் நீங்கள் வரைந்தது அன்றைய நீர்ப்பரப்பா, கரையின் உள்விளிம்பா, கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) மட்டம்வரை நிறைந்தால் நிற்கும் பரப்பா என்பது வேறு கேள்வி. வருவாய்த் துறைப் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே உள்ள விஸ்தீரணம் இவை எதற்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை. எனவே ஒவ்வொரு உருவத்துடனும் படம் எடுக்கப்பட்ட தேதியையும், எந்த விளிம்பை வரைந்தீர்கள் என்பதையும் தனி நெடுவரிசைகளாகச் சேர்த்துவிடுங்கள். ஆக்கிரமிப்பு வழக்குக்கு உங்கள் எண் போகக்கூடும் என்றால் இது மிக அவசியம்.

ஏற்கெனவே கலந்துவிட்ட அடுக்குகளைப் பிரித்தறிய, எண்களின் அளவே போதும். கிழக்கு மதிப்பு 77, 78 என்று இருந்தால் அது டிகிரி. 86, 87 லட்சத்தில் இருந்தால் வெப் மெர்கேட்டர். உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் இடையே 1.4 லட்சத்திலிருந்து 2.1 லட்சம்வரை இருந்தால் 44ஆம் மண்டலம். 8 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 43ஆம் மண்டலம். ஒவ்வொன்றுக்கும் முதலில் உண்மையான அடையாளத்தை ஒட்டி, பிறகு 32644க்கு மாற்றி, ஒரே அட்டவணையில் சேருங்கள். அந்த நெடுவரிசையை 32644 என்ற கட்டுப்பாட்டுடனேயே உருவாக்கினால், வேறு முறையில் வரும் உருவத்தைத் தரவுத்தளமே ஏற்க மறுக்கும்.

சோதித்துப் பார்க்க மதுரையிலேயே நல்ல உரைகல் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கற்சுவர்கள் நேரானவை, பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 மீட்டர். ஒரு பக்கத்தை நாடாவால் அளந்துகொண்டு, அதே பக்கத்தை உங்கள் அடுக்கிலும் அளந்து பாருங்கள். வெப் மெர்கேட்டர் எங்காவது ஒளிந்திருந்தால் ஐந்தாறு மீட்டர் மிகையாகக் காட்டும். 32644இல் இருந்தால் வேறுபாடு ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும்.