சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வைட்டமின் ஏ குறையுமா, கூடுமா?

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, வைட்டமின் ஏ மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள். மற்ற வைட்டமின்கள் பல குறையலாம். இதுவோ ரத்தத்தில் ஏறிக்கொண்டு போகும்.

நானும் இதே தப்பைச் செய்யப் பார்த்தேன். அம்மாவுக்குக் கண் மங்கலாக இருக்கிறதென்று மஞ்சள் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிப் போனேன். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காட் லிவர்னு போட்டிருக்கே தம்பி, வேண்டாம்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். மீன் சதையிலிருந்து எடுக்கும் ஒமேகா மாத்திரை வேறு, மீன் ஈரலிலிருந்து எடுக்கும் இது வேறு. ஈரல்தான் வைட்டமின் ஏ-வின் கிடங்கு.

ஏன் ஏறுகிறது? கல்லீரல் வைட்டமின் ஏ-வை ஒரு சின்னப் புரதத்தில் ஏற்றி அனுப்புகிறது. அந்தப் புரதம் தனியாகப் போனால் சிறுநீரக வடிகட்டியில் நழுவிவிடும் என்பதால், டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதத்தோடு சேர்ந்தே ரத்தத்தில் சுற்றும். சரக்கை இறக்கியதும் அந்தப் பிடி தளர்ந்துவிடும். காலியான சின்னப் புரதம் வடிகட்டியில் இறங்க, அதைச் சிறுநீரகக் குழாய்கள் உறிஞ்சிச் சிதைத்துவிடும். சிறுநீரகம் படுத்துவிட்டால் இந்தக் கழிவு வேலை நின்றுபோகிறது. சுமக்கும் புரதம் ரத்தத்தில் தேங்க, கூடவே வைட்டமின் ஏ-வும் தேங்குகிறது. டயாலிசிஸிலும் இறங்காது, புரதத்தோடு ஒட்டியிருப்பதால் டயாலிசிஸில் ரத்தத்தை வடிகட்டும் சவ்வைத் தாண்டாது.

அளவு மீறினால் தோல் வறளும், முடி கொட்டும், தலை வலிக்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், எலும்பும் பலவீனமாகும். சிறுநீரக நோயாளிக்குத் தோல் எப்படியும் வறண்டுதான் இருக்கும், அதனால் சட்டென்று சந்தேகம் வராது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏ, இ வைட்டமின்களை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் 2020-இல் வந்த அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டியும் சொல்கிறது. இவர்களுக்கென்று எழுதித் தரும் மாத்திரையில் பெரும்பாலும் பி வகைகளும் ஃபோலிக் அமிலமும் கொஞ்சம் சி-யும்தான் இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண மல்டிவைட்டமினில் ஏ-வும் இருக்கும், அட்டையைப் படியுங்கள். நல்ல சிறுநீரகம் உள்ள பெரியவருக்கே மாத்திரையும் ஈரலும் சேர்ந்து ஒரு நாளுக்கு 3000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட்தான் உச்ச வரம்பு.

ஆட்டு ஈரல் வறுவலையும் தள்ளிவையுங்கள். கேரட், முருங்கைக்கீரை சங்கதி வேறு: அதிலிருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத் தக்கபடிதான் ஏ-வாக மாற்றும். அங்கே பயம் பொட்டாசியம், சிறுநீரகம் படுத்தவர்களுக்கு அதுவும் ரத்தத்தில் தேங்கும். அம்மாவுக்குக் காய்கறியை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறோம். ருசி இருக்காது, திட்டிக்கொண்டே சாப்பிடுவார்.