தாத்தா வாங்கிய காரைப் பந்தயத்தில் ஓட்டலாமா?

கேள்வி: எங்களிடம் 1959 மாடல் மோரிஸ் மைனர் 1000 இருக்கிறது. நான்கு கதவு, தாத்தா புதிதாக வாங்கியது. எஞ்சின், பிரேக் எல்லாம் அசல். பழைய கார் பந்தயங்களில் ஓடும் நண்பர்கள், ‘இதையும் கொண்டு வா’ என்கிறார்கள். எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்ட ஆசை. திங்கள்கிழமை அதே காரில் வேலைக்கும் போக வேண்டும். நடக்குமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் பல கார்கள் ஒன்றாக ஓடும் சுற்றுப் பந்தயத்தில் ஓட்டக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் எல்லாப் பழைய காரையும் விண்டேஜ் என்று சொல்லிவிடுகிறோம். இந்த உலகத்தில் அது கறாரான சொல். 1934-ல் தொடங்கிய பிரிட்டனின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் கணக்கில் 1930 முடியும் வரை செய்யப்பட்டதுதான் விண்டேஜ். அந்தக் காலத்துக் குடும்பக் கார்களை, உயரமான கூரையும் கண்ணாடியுமாக முழு உடம்போடு பந்தயத்தில் பார்ப்பது அபூர்வம். ஆஸ்டின் செவன் சலூன்கள் எத்தனையோ, மேல்கூட்டைக் கழற்றி ‘ஸ்பெஷல்’ என்ற இரண்டு இருக்கைப் பந்தயக் காராக மாற்றப்பட்டுவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை. உங்கள் கார் வருவது ஹிஸ்டாரிக் பிரிவில். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பழைய கார்களுக்காக வைத்திருக்கும் அப்பெண்டிக்ஸ் கே விதிகளில் 1947 முதல் 1961 வரையிலானவை ‘ஈ’ காலகட்டம்.

அந்த விதிகளின் அடிப்படை, கார் அதன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான். அதனால் அசல் எஞ்சினோடு போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 948 சிசி, 37 குதிரைசக்தி. வேகமாகப் போகாது, அவ்வளவுதான். சிக்கல் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நீங்களும் காரும் சேர்ந்து சுமார் 850 கிலோ. 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு வளைவுக்காக 50-க்கு இறக்கினால், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு கிளம்புகிறது. பெரும்பகுதி போவது முன்பக்கத்து இரண்டு 7 அங்குல பிரேக் டிரம்களுக்கு. சாலையில் இப்படி ஒரு தடவை அழுத்தினால் அடுத்த ஐந்து நிமிடம் காற்று படும், ஆறிவிடும். பந்தயத் தடத்தில் 15 நிமிடத்தில் 40 தடவை அழுத்துவீர்கள்.

அப்போது மூன்று விஷயம் நடக்கும். டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். பெடல் கொஞ்சம் கீழே போகும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பிடிப்பை இழக்கும். பெடல் கல் மாதிரி இருக்கும், கார் நிற்காது. கடைசியில் பிரேக் ஆயில் கொதிக்கும். பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். உங்கள் காரில், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனாலேயே வருஷக்கணக்கில் யாரும் அதைத் திறப்பதில்லை. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஓரிடத்தில் போனால் நான்கு சக்கரத்திலும் போயிற்று.

பல வருடம் முன்னால், இதே மாதிரி டிரம் பிரேக் கார் ஒன்றில் நாலாவது சுற்றிலேயே கருகல் வாடை வந்தது. முன்னால் போகும் காருடையது என்று நினைத்து ஓட்டினேன். அடுத்த வளைவில் புல்வெளியில் வெகு தூரம் போய்த்தான் நின்றேன். வாடை என்னுடையது.

‘அந்தக் காலத்தில் இதே கார்களை ஓட்டினார்களே’ என்று கேட்பீர்கள். நிஜம்தான். 1958-ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை ஜாக் சியர்ஸ் வென்றது ஆஸ்டின் ஏ105 வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது அசல் குடும்ப காரில். அவரும் டாமி சாப்வித்தும் சமப் புள்ளியில் நின்றதால், இரண்டு ரைலி 1.5 கார்களைக் கொடுத்து, ஆளுக்கொரு தடவை மாற்றி ஓட்டச் சொல்லித் தீர்த்தார்கள். 1960-ல் உங்கள் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஏ40-யே பட்டத்தை வென்றது, அது நன்றாக முறுக்கேற்றிய கார் என்றாலும். ஆனால் அன்று அவை புது கார்கள். உங்களுடையது அறுபது வயதைத் தாண்டியது. இரும்பும் களைத்துப்போகும். வெளியே பளபளப்பாக இருக்கும் பாகத்தின் உள்ளே மயிரிழை விரிசல் ஓடிக்கொண்டிருக்கும்.

மைனரில் நான் முதலில் பார்ப்பது, முன் சக்கரத்தைத் தாங்கும் மரை வைத்த மூட்டான ட்ரனியனை. சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் மரை பிடி விடும், சக்கரம் மடிந்து விழும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துளி ஆட்டம் தெரிந்தாலும் கழற்றி மரையைப் பாருங்கள். அப்புறம் பின் ஆக்சில் ஷாஃப்ட், ஸ்டப் ஆக்சில், சக்கரங்களின் நட்டுத் துளை ஓரம். இவற்றைக் காந்தத் துகள் சோதனையில் விரிசல் பார்த்த பிறகே தடத்தில் இறக்குங்கள். டயர் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரில் ஓடாதீர்கள். அதற்காக ஒட்டிப் பிடிக்கும் நவீன டயரும் வேண்டாம். அந்தப் பிடிப்பின் சுமை முழுவதும் பேரிங்குக்கும் சக்கரத் தகட்டுக்கும்தான் போகும். நீண்ட வளைவில் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். கிராங்கைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங். ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று போட்டு, வளைவில் முள் துடிக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் செய்து முடித்தாலும் ‘அப்படியே’ என்பது நடக்காது. சக்கரத்தோடு சக்கரம் உரசும் பந்தயம் என்றால் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் தாங்கும் குழாய்க் கூண்டு), பந்தய சீட், பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் எல்லாம் கேட்பார்கள். கேஜ் போடத் தரையைத் துளைத்துத் தகடு வைக்க வேண்டும், பின் சீட் போய்விடும். பிறகு வருவது உங்கள் திங்கள்கிழமை. ஹெல்மெட் போட்ட தலைக்குத்தான் அந்தக் குழாய் பாதுகாப்பு. வெறுந்தலையோடு வேலைக்குப் போகும்போது, சின்ன மோதலிலும் அது மண்டையை உடைக்கும். போட்டியில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீடு பொதுவாக எதுவும் தராது என்பதையும் மறக்க வேண்டாம்.

தாத்தாவின் கார் என்பதால் நேராகவே சொல்கிறேன், இதில் துளை போடாதீர்கள். சுற்றுப் பந்தயம்தான் வேண்டும் என்றால் உள்ளே ஏற்கெனவே பிரித்துப் போட்ட இன்னொரு மைனரை வாங்குங்கள். உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும் கார். 1962-ல் வந்த 1098 சிசி மாடலின் 8 அங்குல முன் பிரேக்கை அதில் மாட்டலாம். ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் காருக்குப் பொருந்துவது மலையேற்றம் (மலைச்சாலையில் கார் ஏறும் போட்டி), ஸ்பிரிண்ட் (குறுகிய தூர ஓட்டம்), ரெகுலாரிட்டி. முதல் இரண்டிலும் கடிகாரத்தோடுதான் போட்டி. ஓட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்ததுக்குள் டிரம் ஆறிவிடும். ஒவ்வொரு காராகவே விடுவதால் மினி கூப்பர் பின்னால் வந்து முட்டுமே என்ற கவலையும் இல்லை. ரெகுலாரிட்டியில் சொன்ன சராசரி வேகத்தை வினாடி பிசகாமல் காப்பாற்ற வேண்டும். அங்கே மெதுவான கார் என்பது குறையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர் கெட்டிக்காரராக இருந்தால் போதும். புகழ்பெற்ற பெண் ராலி ஓட்டுநர் பேட் மாஸ் 1958-ல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் ஓட்டியது மோரிஸ் மைனரைத்தான்.

இதற்கு வேண்டிய தயாரிப்பு கொஞ்சம்தான். புது பிரேக் ஆயில், நல்ல லைனிங், புது ஹோஸ், மேலே சொன்ன சோதனைகள், கையெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான். எஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டாம். முதல் கியரில், கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ கிடையாது. இறுக்கமான கொண்டை ஊசியில் இரண்டாவதிலேயே திணறாமல் வர, டபுள் கிளட்ச் போட்டு, அதாவது நியூட்ரலில் கிளட்சை ஒரு தடவை விட்டு மறுபடி மிதித்து, முதலுக்கு இறக்கப் பழகுங்கள். காலி மைதானத்தில் ஒரு மாலை முழுக்கப் பழகினால் கை வந்துவிடும்.

ஓட்டம் முடிந்ததும் உடனே நிறுத்தாமல், பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்கவே கூடாது. சூடான டிரம் ஷூவைக் கவ்விக்கொண்டே ஆறினால் வட்டம் கோணிவிடும், அப்புறம் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பெடல் துள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.