மின்சாரக் கார்: ஏமாந்தவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும்

கே: பழைய மின்சாரக் கார் வாங்கினேன். அன்று, பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதைக் காட்டும் மீட்டரில் 12 கோடும் நிறைந்திருந்தது. இரண்டு மாதத்தில் 8 ஆகிவிட்டது. விற்றவர், "வெயில்தான் காரணம்" என்கிறார்.

ப: இரண்டு மாத வெயில் நாலு கோட்டைக் குறைக்காது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பேட்டரியைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டரின் பழைய கணக்கை அழித்துவிட்டால், அது எல்லாக் கோட்டையும் காட்டும். ஓட்ட ஓட்டத்தான் உண்மை வெளியே வரும். என் முதல் மின்சாரக் காரையும் இப்படித்தான் என் தலையில் கட்டினார்கள். விளம்பரத்தில் போட்ட மீட்டர் படம், அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பேட்டரி பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பதற்கு முன்பே கோடு குறைந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். விடாதீர்கள்.

கே: பத்து நாள் நிறுத்தி வைத்த கார் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது. பெரிய பேட்டரி போய்விட்டதா?

ப: முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

கே: பேட்டரிக்கு 8 வருட வாரண்டி என்றார்கள். ஆறாவது வருடமே ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகிவிட்டது. கேட்டால் வாரண்டியில் வராதாம்.

ப: வாரண்டித் தாளைப் படித்தீர்களா? பழுதுக்கான வாரண்டி வேறு, கொள்ளளவு குறைவதற்கான வாரண்டி வேறு. 2010 கடைசியில் நிசான் கம்பெனியின் லீஃப் என்ற மின்சாரக் கார் வந்தபோது இரண்டாவது வகை கிடையவே கிடையாது. பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடும் இல்லை. அரிசோனா வெயிலில் கோடுகள் மளமளவென்று குறைந்து, வாங்கியவர்கள் வழக்கு வரை போன பிறகுதான் அமெரிக்காவில் கம்பெனி இறங்கி வந்தது: 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். யாரோ போராடி வாங்கிய உரிமை அது. உங்கள் தாளில் கொள்ளளவு பற்றி ஒரு வரி இருந்தால் அதை வைத்துக் கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கே: பேட்டரிக்குள் ஒரே ஒரு மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த சின்னப் பெட்டி) மட்டும்தான் பழுது என்று ரிப்போர்ட்டே சொல்கிறது. ஆனால் முழு பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவு காரின் இன்றைய விலையைத் தாண்டுகிறது.

ப: இது என் நெடுநாள் ஆதங்கம். முதல் லீஃப் பேட்டரியில் 48 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 4 செல். மாட்யூல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் பலவீனமான ஒன்று காலியானதும் கார் நின்றுவிடும், மற்ற 47-ம் தெம்பாக இருந்தாலும். அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியும். தெரிந்தவர்கள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முடிந்ததை முடியாது என்று கம்பெனி சொல்லும்போது நல்ல பேட்டரி குப்பைக்குப் போகிறது, நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பும் கூடவே போகிறது. டெஸ்லா மாடல் எஸ் விஷயத்திலும் இதுதான் நடந்தது. 8 ஜிபி மெமரி சிப் தேய்ந்து நடுத்திரை அணைந்துவிடும், ரிவர்ஸ் கேமராவும் போய்விடும். சிப் ஒன்றுக்காக, திரையை இயக்கும் மொத்த கம்ப்யூட்டர் யூனிட்டையும் சொந்தக் காசில் மாற்றியவர்கள் உண்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு நெருக்கிய பிறகு, 2021-ல்தான் மாடல் எஸ், மாடல் எக்ஸ் இரண்டிலுமாகச் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: செல் வாரியான வோல்டேஜ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "மாட்யூல் மாற்ற மாட்டோம்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு, உயர் வோல்டேஜ் வேலையில் பயிற்சி உள்ள, செய்த வேலைக்கு உத்தரவாதம் தரும் மெக்கானிக்கிடம் போங்கள். நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கே: மூடிப்போன கம்பெனியின் கார் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். ஃபிஸ்கர் என்ற பெயரில் 2013-ல் ஒரு கம்பெனி திவாலானது, 2024-ல் இன்னொன்று. உதிரி பாகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் வாங்கியவர்களே சங்கம் சேர்ந்து அலைய வேண்டியதாயிற்று.

கே: காரின் மொபைல் ஆப் திடீரென்று நின்றுவிட்டது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

ப: பழைய கார்களில் இருப்பது 2ஜி அல்லது 3ஜி மோடம், அதாவது காரை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி. அந்த நெட்வொர்க்கை மூடினால் ஆப்பும் நின்றுவிடும். புது மோடம் தருவார்களா என்று கம்பெனியிடம் கேளுங்கள். அதுவரை சார்ஜ் நேரத்தைக் காரின் திரையிலேயே செட் செய்துகொள்ளலாம்.