தேவ ஒழுங்கும் உக்கிராணத்துவமும்: கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் யார்?

கேள்வி: "தேவ ஒழுங்கின்படி வாழ வேண்டும், உண்மையுள்ள உக்கிராணக்காரராக (எஜமானுடைய பொருளைப் பொறுப்போடு கையாளுபவராக) இருக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) செலுத்தி, சபையை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்தால் போதுமா? குறைந்த வருமானம் உள்ளவருக்கு இதில் என்ன பங்கு இருக்கிறது?"

தேவ ஒழுங்கு என்றவுடன் பலர் மனதில் எழுவது ஓர் அடுக்கு வரிசை: மேலே தேவன், அதன்கீழ் போதகர், மூப்பர், குடும்பத் தலைவர், கடைசியில் பிள்ளைகள். யார் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. வேதத்தை வாசிக்கும்போது எனக்குத் தெரிவது வேறு. கையில் இருப்பது யாருடையது என்ற கேள்வியைத்தான் அது முதலில் வைக்கிறது. அதற்கு விடை தெரிந்த பிறகே யார் எதைக் கையாளுவது, யாரிடம் கணக்கு ஒப்புவிப்பது என்பவை வரிசையாக வருகின்றன. உக்கிராணத்துவம் இல்லாத தேவ ஒழுங்கு வெறும் அதிகார வரிசையாகச் சுருங்கிவிடும் என்பது என் கருத்து.

இதை மிகத் தெளிவாகச் சொல்லும் இடம், பலர் வேகமாகப் புரட்டிவிடும் லேவியராகமத்தில் இருக்கிறது. "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்" என்கிறது 25ஆம் அதிகாரம். இது பக்தி உணர்வுக்காகச் சொல்லப்பட்ட வாக்கியம் அன்று, நிலச் சட்டம். ஏழாம் வருஷத்தில் நிலத்துக்கு ஓய்வு, ஐம்பதாம் வருஷத்தில் விற்ற காணி உரிய குடும்பத்துக்குத் திரும்புதல், யூபிலி எனப்படும் அந்த ஐம்பதாம் வருஷம் வரை எஞ்சியிருக்கும் வருஷங்களின் விளைச்சலைக் கணக்கிட்டு விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்தல் ஆகிய எல்லா விதிகளும் அந்த ஒரே வாக்கியத்தின்மேல் நிற்கின்றன. நிலத்தை வாங்கியவர் உண்மையில் வாங்கியது சில வருஷங்களின் அறுவடையை மட்டுமே. ஆதியாகமம் 2:15இல் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டதும் பண்படுத்தவும் காக்கவும்தான்; பத்திரம் அவன் பெயரில் எழுதப்படவில்லை.

ஒரு வீட்டு உக்கிராணக்காரனின் வேலை என்ன என்பதை லூக்கா 12ஆம் அதிகாரம் சொல்கிறது: எஜமான் இல்லாத நேரத்தில், மற்ற பணிவிடைக்காரருக்குத் தகுதியான காலத்திலே படி, அதாவது அவரவர் உணவுப் பங்கு, கொடுப்பது. அவனும் ஊழியக்காரனே. அவன் கையில் சாவி இருக்கிறது, அவ்வளவுதான். எஜமான் வரத் தாமதிப்பார் என்று எண்ணி அவன் கெட்டுப்போகும்போது என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் அடிக்கிறான். தான் புசித்துக் குடித்து வெறிக்கிறான். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையும் பொருளைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் இயேசு ஒரே மனிதனின் ஒரே வீழ்ச்சியாகக் காட்டுகிறார். படி கொடுக்க வேண்டிய கை அடிக்கத் தொடங்கும்போது, பண்டசாலையும் காலியாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். "எவனிடத்தில் அதிகம் கொடுக்கப்படுகிறதோ அவனிடத்தில் அதிகம் கேட்கப்படும்" என்ற வசனம் இந்த உவமையின் முடிவில்தான் வருகிறது. ஆகவே அந்த வரிசையில் மேலே போகப் போகக் கேட்கப்படும் கணக்கும் பெரிதாகிறது.

கணக்கு என்ற சொல்லைச் சிலர் விரும்புவதில்லை. "ஆவிக்குரிய காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். அவர்கள் எஸ்றா 8ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்ட ஆசாரியராகிய எஸ்றா, வழிப்பாதுகாப்புக்கு ராஜாவிடம் படையைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியருகே உபவாசம் கூறுகிறார். அந்த அளவுக்குத் தேவனை நம்பிய மனிதர் அடுத்துச் செய்த வேலை, தராசை எடுத்தது. ஆசாரியரின் தலைவரில் 12 பேரைப் பிரித்தெடுத்து, அவர்கள் கையில் 650 தாலந்து (அக்கால நிறையளவு) வெள்ளியையும், 100 தாலந்து வெள்ளிப் பணிமுட்டுகளையும் (பாத்திரங்களையும்), 100 தாலந்து பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார். எருசலேமில் ஆலய அறைகளில் நிறுத்து ஒப்புவிக்கும்வரை விழிப்பாய்க் காத்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ச் சேர்ந்த நான்காம் நாளில் எல்லாம் மறுபடியும் எண்ணப்பட்டு, நிறுக்கப்பட்டு, மொத்த நிறை எழுதிவைக்கப்பட்டது. சுமந்து வந்தவர்கள் பரிசுத்தமானவர்கள் என்று எஸ்றாவே சொல்லியிருக்கிறார், அப்படியிருந்தும் நிறுத்தார். உபவாசமும் தராசும் ஒரே அதிகாரத்தில், ஒரே மனிதரின் கையில் இருப்பதைவிடத் தெளிவாக உங்கள் முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியாது.

இதற்கு எதிராகச் சிலர் 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவதுண்டு. ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களிடம் கணக்குக் கேளாதிருந்தார்கள், ஏனெனில் அவர்கள் உண்மையாய் நடப்பித்தார்கள் என்று அங்கே இருக்கிறது. வசனம் சரிதான், ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து வாசிக்க வேண்டும். யூதாவின் ராஜாவாகிய யோவாஸ் அரசாண்ட 23ஆம் வருஷம்வரை ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள், ஆலயம் பழுதாகவே கிடந்தது. ராஜா அழைத்துக் கேட்டார். பிறகு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, ஆலயத்துக்குள் வருகிறவர்களுக்கு வலதுபுறத்தில், பலிபீடத்தின் பக்கமாக வைத்தார். பணம் நிறைந்தபோது ராஜாவின் ஆள் ஒருவரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். இரண்டு வெவ்வேறு பொறுப்புகளிலிருந்து வந்த இருவர், மக்கள் பார்வையில் இருந்த பெட்டி, எண்ணிக் கட்டிய பை ஆகியவை முதலில் இருந்தன. அதன்பிறகுதான் தச்சருக்கும் கொற்றருக்கும் கூலி கொடுத்தவர்களைச் சந்தேகிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஒழுங்கு ஏற்படுத்திய நம்பிக்கையை, ஒழுங்கே வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது நியாயம் அன்று.

நான் சபையில் பொருளாளர் பொறுப்பை ஏற்ற புதிதில், காணிக்கைப் பையை மேசைமேல் கவிழ்க்கும்போது ஒருபோதும் தனியாக இருக்காதே என்று எங்கள் மூப்பர் சொல்லிவிட்டார். எனக்குச் சற்று மனத்தாங்கல். "ஐயா, என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். "நம்பிக்கை இருப்பதால்தான் தம்பி உன்னை வைத்தோம். நாளைக்கு யாரும் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் இன்னொருவர்" என்றார். நோட்டுகளைத் தனித்தனியாக அடுக்கி, ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பின்பே பை கட்டப்படும். சில்லறையை எண்ணுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். யாரோ ஒருவர் தம் வறுமையிலிருந்து போட்டது அதில்தான் இருக்கக்கூடும் என்பதால் அதை யாரும் அவசரப்படுத்தியதில்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகச் சுமந்து போகாமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போனதற்கும் இதே காரணம்தான்: கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் எழுதுகிறார். தேவனுக்குத் தெரியும் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

இப்போது கீழ்ப்படிதலுக்கு வருகிறேன். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்வது உண்மை. அதே வசனம் அவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்கள், அதாவது கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள், என்றும் சொல்கிறது. முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்யும் வழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது, அவலட்சணமான ஆதாயத்துக்காக மேய்க்கக் கூடாது என்று பேதுருவும் மூப்பர்களுக்கு எழுதுகிறார். ஆகவே வரவு செலவைக் காட்ட மறுத்துக்கொண்டே தேவ ஒழுங்கின் பெயரில் கீழ்ப்படிதலைக் கேட்கும் தலைமையிடம், மரியாதையோடும் பொறுமையோடும் கணக்கைக் கேட்பது கலகம் ஆகாது. "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்ற கட்டளை மேடையில் இருப்பவருக்கும் உரியது.

தசமபாகம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தில் ஒன்று தேவனுடையது, மீதி ஒன்பது என்னுடையது என்று எண்ணத் தொடங்கினால், முதலில் சொன்ன அடிப்படையே கலைந்துவிடுகிறது. ஆலயத்துக்காக ஏராளமாய்க் கொடுத்த பின்பு தாவீது செய்த ஜெபத்தில், "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்கிறார். கொடுத்த பங்குக்கு மட்டுமே கணக்கு உண்டு என்ற எண்ணம் அதில் இல்லை. வீட்டில் செலவிடுவதும், கடன் வாங்குவதும், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கத் தாமதிப்பதும் அதே பேரேட்டில்தான் பதியப்படுகின்றன. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டபோது, செலுத்தியதை அவர் குறை சொல்லவில்லை. இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடக் கூடாது என்றார்.

இதைவிடக் கூர்மையானது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வரும் கொர்பான் பற்றிய பேச்சு. தாய் தகப்பனுக்கு உதவ வேண்டிய பொருளைக் "காணிக்கையாகக் கொடுத்தாயிற்று" என்று சொல்லி, அவர்களைக் கைவிடுவதற்கு அன்றைய பாரம்பரியம் இடம் கொடுத்தது. தேவனுக்குக் கொடுத்ததாகச் சொல்லியே தேவனுடைய கட்டளையை அவமாக்குகிறீர்கள் என்கிறார் இயேசு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் இதோடு வைத்துப் பார்த்தால், கொடுப்பதிலும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். வயதான பெற்றோரின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் கட்டட நிதிக்குப் பெரிய தொகையை வாக்குப்பண்ணுவது தியாகமாகத் தோன்றலாம். இந்த அதிகாரத்தின்படி அது ஒழுங்கீனம். வாக்குப்பண்ணச் சொல்லித் தூண்டியவருக்கும் அதில் பங்கு உண்டு.

வருமானம் உயரும்போது என்ன செய்வது என்பதற்கு, மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சொன்ன ஒரு விவரம் எனக்குப் பிடித்தமானது. ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு மெத்தடிஸ்ட் வாலிபர் வருஷத்துக்கு 30 பவுண்டு பெற்றபோது 28 பவுண்டில் வாழ்ந்து மீதியைக் கொடுத்தார். அடுத்தடுத்து 60, 90, 120 என்று வருமானம் உயர்ந்தபோதும் அதே 28 பவுண்டில் வாழ்ந்தார் என்கிறார். அந்த வாலிபர் வெஸ்லியே என்பது பொதுவான கருத்து. குழந்தைகள் உள்ள குடும்பத்தால் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் வருமானம் ஏறியவுடன் செலவும் தானாக ஏற வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்வதை இது கேள்விக்குள்ளாக்குகிறது.

கடைசிக் கேள்வி குறைந்த வருமானம் பற்றியது. எஜமான் தன் பொருளை மூன்று ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளாக ஒப்புவித்துப் போகும் உவமையில் கண்டிக்கப்பட்டவன் ஒரே ஒரு தாலந்து பெற்றவன் என்பதால் அது ஏழைகளுக்கு எதிரான கதை என்று சிலர் கசப்போடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாட்களின் கூலி. அவனுக்குக் கொடுக்கப்பட்டது அற்பமானது அன்று. ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டு வார்த்தைக்கு வார்த்தை ஒன்றே என்பதைக் கவனித்தால், தொகையின் அளவு அங்கே அளவுகோலாக இல்லை என்பது விளங்கும். மூன்றாமவனின் சிக்கல், "நீர் கடினமுள்ள மனுஷன்" என்று எஜமானைப் பற்றி அவன் கொண்டிருந்த எண்ணத்தில் இருக்கிறது. பயந்தான், புதைத்தான். எஜமானைத் தவறாக அறிந்தவனால் அவருடைய பொருளைச் சரியாகக் கையாள முடியவில்லை.

பணம் தவிர வேறும் இருக்கின்றன. பெற்ற வரத்தின்படியே ஒருவருக்கொருவர் உதவிசெய்யும் நல்ல உக்கிராணக்காரரைப் பற்றிப் பேதுரு எழுதுகிறார். நேரம், கைத்தொழில், உபசரிப்பு, பிறர் நம்பிச் சொன்ன இரகசியம் எல்லாம் அதில் அடங்கும். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த விதிகளில், மடத்தின் பண்டகசாலையைக் கவனிப்பவர் அங்குள்ள பாத்திரங்களையும் பொருட்களையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்று எழுதினார். கருவிகளை யாரிடம் கொடுத்தோம், எதைத் திரும்பப் பெற்றோம் என்று மடாதிபதி பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மண்வெட்டியை அழுக்கோடு போட்டுவிட்டுப் போவதையும் அவர் பக்தியின் காரியமாகவே பார்த்தார்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது என்றால், பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன முறை எளிமையானது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கதாகத் தம்மிடத்திலே எதையாவது சேர்த்துவைக்க வேண்டும். தொகையை அவர் குறிக்கவில்லை. மனவிருப்பம் இருந்தால் ஒருவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று அடுத்த நிருபத்தில் எழுதுகிறார். கடனில் இருப்பவர் முதலில் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களையும் தொகைகளையும் ஒரு தாளில் எழுதட்டும்; திருமணமானவராக இருந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும், ஒருவருக்குத் தெரியாத கணக்கு மற்றவரிடம் இருக்க வேண்டாம். சேர்த்துவைப்பது சிறிய தொகையாக இருந்தாலும் அந்தத் தாளிலேயே அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.