நாய்க்கு மணி கேட்கவில்லையா?

ஐயா, வணக்கம். மணியோசையையும் தீனியையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் கொடுத்தால் நாய் கற்றுக்கொண்டுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். என் டிவிஎஸ் எக்செல் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே எங்கள் தெரு நாய் ஓடிவரும். மூன்று வருடமாகப் பொறை போடுகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வண்டிக் கைப்பிடியில் ஒரு மணியும் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து அதை அவிழ்த்துத் தனியாக ஆட்டினால் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. ஏன்?
சுந்தர், திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள சுந்தர்,

அவசரத்தில் எழுதிய வரி அது. சேர்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது.

1960களில் லியோன் காமின் என்ற உளவியலாளர் எலிகளுக்கு முதலில் ஓர் இரைச்சல், கூடவே ஷாக் என்று பழக்கினார். இரைச்சலுக்கே அவை பயப்படத் தொடங்கியதும், இரைச்சலோடு விளக்கையும் போட்டு அதே ஷாக். அப்புறம் விளக்கை மட்டும் போட்டால் எலிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் கட்டமே இல்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பார்த்த வேறு எலிகளோ விளக்குக்கும் பயந்தன. விளக்கும் ஷாக்கும் சேர்ந்து வந்த தடவைகள் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் கூட்டத்துக்கு ஷாக் வரப்போவது முன்பே தெரியும். உங்கள் எக்செல் பொறையைச் சொல்லிவிட்டது. மணிக்கு அங்கே என்ன வேலை?

மணி, விளக்கு மாதிரி அடுத்து வருவதைச் சொல்லும் அறிகுறியைக் குறிப்பு என்பார்கள். உதவாத குறிப்பைக் கவனிக்காமல் விடவும் விலங்கு கற்றுக்கொள்கிறது என்றார் உளவியலாளர் மேக்கின்டாஷ், 1975இல். பியர்ஸ், ஹால் என்ற இரு உளவியலாளர்கள் 1980இல் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் போனார்கள்: அடுத்து என்ன வரும் என்று நிச்சயமில்லாத குறிப்பின்மேல்தான் கவனம் நிற்குமாம். இரண்டுக்கும் சான்று உண்டு.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். நீங்கள் இருப்பது பாடலீஸ்வரர் கோயில் ஊர். கோயில் மணி, ராத்திரியானால் சோன்பப்டி வண்டி மணி. அந்த நாய் பிறந்ததிலிருந்து கேட்டும் ஒன்றும் கிடைக்காத சத்தம். அப்படி வெறுமனே பழகிப்போன ஒன்றைப் பிறகு எதனோடும் இணைப்பது கடினம் என்று 1959இலேயே லுபோவும் மூரும் ஆடுகளிடம் காட்டியிருக்கிறார்கள். கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் நம்மில் யார் டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம்?

மணிக்குப் பதில் குழந்தைகளின் கிலுகிலுப்பையைக் கட்டிப் பாருங்கள். அதற்கும் நாய் அசையவில்லையென்றால், அது ஒலிக்கும் நாட்களில் மட்டும் பொறைக்குப் பதிலாக மீன் தலை போடுங்கள். ஷாக்கைக் கூட்டியபோது காமினின் எலிகளும் விளக்கைக் கவனித்தன. முள்ளை எடுத்துவிட்டுப் போடுங்கள்.