மலிவு விலை ரேடியோ மாடியூலும் போர்செட் மோட்டாரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் மாடியூல் ஜோடி ஒன்றை வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரின் டேட்டா முனையில் ஒரு ஸ்விட்சையும், ரிசீவரின் டேட்டா முனையில் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ரிலேயையும் (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இணைத்தேன். ஸ்விட்சைத் தொடாதபோதே ரிலே படபடவென்று அடித்துக்கொள்கிறது; தொட்டால் ஓரிரு நொடி நின்றுவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்குகிறது. வாங்கிய மாடியூல் பழுதானதா?
– பாலிடெக்னிக் மாணவர், நீடாமங்கலம்

பதில்: மாடியூல் நன்றாகவே இருக்கிறது; அதனிடம் நீங்கள் எதிர்பார்த்ததுதான் அதன் வேலையல்ல. இந்த மலிவான ரிசீவர்களில் பெரும்பாலானவை சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகையைச் சேர்ந்தவை. எந்த அலையும் வராத நேரத்தில் அவை தம் உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு, வெளியிலுள்ள இரைச்சலையே பெருக்கி டேட்டா முனையில் ஒழுங்கற்ற துடிப்புகளாகத் தருகின்றன. உங்கள் ரிலே அடித்துக்கொள்வது இந்த இரைச்சலால்தான். ஆகவே ரிசீவரின் டேட்டா முனையில் ரிலேயை நேரடியாகத் தொங்கவிடும் எந்தச் சுற்றும் வேலை செய்யாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இரைச்சலின் நடுவே தனக்குரிய குறியீட்டை மட்டும் இனம் கண்டு, மற்றதையெல்லாம் தள்ளிவிடும் ஒரு டிகோடர் இடையில் இருந்தாக வேண்டும்.

நீங்கள் பயில்வதற்கு ஹெச்டி12இ என்கோடரும் ஹெச்டி12டி டிகோடரும் இன்றும் பொருத்தமானவை. என்கோடர் 8 பிட் முகவரியையும் 4 பிட் தகவலையும் தொடர் துடிப்புகளாக அனுப்புகிறது. டிகோடர் தன் முகவரியோடு அவற்றை மூன்று முறை தொடர்ந்து ஒப்பிட்டு, மூன்றும் பொருந்தினால்தான் தகவலை வெளியே விட்டு, விடி என்னும் முனையை உயர்த்துகிறது. ரிலேயை இயக்கும் முடிவில் இந்த விடி முனைக்குக் கட்டாயம் பங்கு இருக்கட்டும். இரண்டு ஐ.சி.க்களின் துடிப்பு வேகத்தை நிர்ணயிக்கும் ஆஸிலேட்டர் ரெசிஸ்டர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிகோடரின் அதிர்வெண் என்கோடருடையதைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு இருப்பது அவசியம். இரண்டும் 5 வோல்ட்டில் இயங்கும்போது என்கோடருக்கு 1 மெகா ஓம், டிகோடருக்கு 51 கிலோ ஓம் என்பது வழக்கமான இணை. டிரான்ஸ்மிட்டர் பக்கத்தை 12 வோல்ட் பாட்டரிக்கு மாற்றினால் என்கோடரின் அதிர்வெண்ணும் நகரும். அப்போது தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள வரைபடத்தைப் பார்த்து ரெசிஸ்டரை மாற்றாவிட்டால், மேசையில் நன்றாக ஓடிய சுற்று காரணமே தெரியாமல் ஊமையாகிவிடும்.

அடுத்து ஆன்டெனா. பலகையில் 'ஏஎன்டி' என்று குறித்த ஓட்டையை வெறுமையாக விட்டுவிட்டு, தூரம் போதவில்லை என்று மாடியூலைக் குறை சொல்பவர்கள் பலர். அலைநீளத்தில் கால் பங்கு என்ற கணக்கில் 433.92 மெகாஹெர்ட்ஸுக்கு 17.3 செ.மீ. வருகிறது. அந்த நீளத்துக்கு ஓர் ஒற்றைக் கம்பி வயரை வெட்டி, சுருட்டாமல் நேராக நிமிர்த்தி, இரண்டு பக்கத்திலும் பற்றவையுங்கள். ரிசீவர் பலகையிலுள்ள திருகிச் சரிசெய்யும் சுருளை மட்டும் தொடாதீர்கள். டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண்ணை அதன் வட்ட உலோகக் குப்பிக்குள் இருக்கும் சா (SAW) ரெசனேட்டர் என்னும் அதிர்வுப் படிகம் நிலையாகப் பிடித்துக்கொள்கிறது. ரிசீவரிலோ அந்தச் சுருளும் ஒரு கெப்பாசிட்டரும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அரைச் சுற்று திருகினாலும் இரண்டும் ஒன்றையொன்று காணாமல் போய்விடும். ரிசீவரின் நான்கு கால்களில் நடுவில் உள்ள இரண்டும் ஒரே டேட்டா முனைதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், டிரான்ஸ்மிட்டரில் சிக்கனம் பார்க்கலாம், ரிசீவரில் பார்க்கக் கூடாது. அதே டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும், வரும் அலையை ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி வடிகட்டும் சூப்பர்ஹெட்டரோடைன் வகைக்கு மாற்றிப் பாருங்கள். சற்றே கூடுதல் செலவில் கிடைக்கும் முன்னேற்றத்தை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வி: எங்கள் போர்செட் கொட்டகை வீட்டிலிருந்து சுமார் 300 மீட்டரில், நடுவில் தென்னந்தோப்பைத் தாண்டி இருக்கிறது. குறுவைக்கு இரவில் மும்முனை மின்சாரம் வரும்போதெல்லாம் வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது. இந்த மாடியூலைக் கொண்டு ரிமோட் செய்யலாமா? பவர் ஆம்ப்ளிஃபயர் சேர்த்தால் தூரம் கூடும் என்கிறார்களே?
– விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: இருட்டில் வரப்பில் நடப்பதன் சிரமமும் பாம்பு பயமும் டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, உங்கள் தேவை முற்றிலும் நியாயமானது. ஆனால் இந்த வேலைக்கு 433 மாடியூலை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் நாட்டில் 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குத் தரப்பட்டுள்ள உரிம விலக்கு, 10 மில்லிவாட்டுக்கு உட்பட்ட, கட்டடத்துக்குள் பயன்படும் கருவிகளுக்கு உரியது. ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பது சட்டத்தை மீறுவதாகும். அதோடு, மழை பெய்து ஈரம் சொட்டும் தென்னை மட்டைகளும் தழைத்து நிற்கும் பயிரும் அலையை விழுங்கும் என்பதால், கோடையில் எட்டிய தூரம் ஐப்பசி அடைமழையில் எட்டாது.

உங்களுக்கு ஏற்றது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, 2005 முதல் உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும், குறைந்த திறனில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் லோரா மாடியூல். கடையில் கேட்கும்போது கவனமாக இருங்கள்: எஸ்எக்ஸ்1278 சிப் கொண்ட மாடியூல் இந்த அலைவரிசைக்கு வராது, எஸ்எக்ஸ்1276 சிப் கொண்டது வரும். ஆன்டெனாவை மாட்டாமல் அதை ஒருபோதும் இயக்காதீர்கள். கொட்டகைக் கூரைக்கு மேல் ஒரு மூங்கில் கம்பம் நட்டு ஆன்டெனாவை உயர்த்துவது, திறனைக் கூட்டுவதைவிட அதிகப் பயன் தரும். லோராவில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அது அனுப்பவும் செய்யும், பெறவும் செய்யும் என்பதுதான். மோட்டார் உண்மையிலேயே ஓடுகிறதா என்ற பதில் வீட்டிலிருக்கும் உங்கள் கைக்குத் திரும்பி வரும். 433 மாடியூல் ஒருவழிப் பாதை. பொத்தானை அழுத்திவிட்டு, தண்ணீர் பாய்கிறது என்று நம்பித் தூங்க வேண்டியதுதான்.

ரேடியோவைவிட முக்கியமானது ஸ்டார்ட்டர் பக்கம். பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலேயின், வழக்கமாகத் திறந்திருக்கும் முனையைச் சேர்த்து ஒரு நொடி மட்டும் மூடச் செய்ய வேண்டும். சிவப்புப் பொத்தானோடு தொடராக இன்னொரு ரிலேயின், வழக்கமாக மூடியிருக்கும் முனையைச் சேர்க்க வேண்டும். அப்போது ரேடியோப் பலகை செத்துக் கிடந்தாலும், கையால் நிறுத்தும் வசதியும் ஓவர்லோட் ரிலேயும் முன்போலவே வேலை செய்யும். பல விவசாய ஸ்டார்ட்டர்களின் காயில் (உள்ளிருக்கும் மின்காந்தச் சுருள்) 415 வோல்ட்டில் இயங்குகிறது. கடையில் கிடைக்கும் சிறு நீல ரிலேக்களோ 250 வோல்ட்டுக்கு உரியவை. எனவே சிறு ரிலே ஓர் இடைநிலை கான்டாக்டரை (அதிக வோல்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்க, அதன் தகுந்த முனைகள் ஸ்டார்ட்டரைத் தொடட்டும். இந்த இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில், ரேடியோப் பலகையில் ரிலேயை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சிப்பின் கால்கள் நிலையற்று இருக்கும். ரிலே தவறி ஒரு முறை மூடினால்கூட மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். ரிலேயை இயக்கும் அந்தச் சிப்பின் காலை, ரிலே அணைந்திருக்கும் நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு ரெசிஸ்டரைத் தவறாமல் போடுங்கள். கொட்டகையில் யாராவது இறங்கி வேலை பார்க்கும்போது ரேடியோவைத் துண்டிக்க ஒரு தனி ஸ்விட்சும், மெயின் ஸ்விட்சுக்கு ஒரு பூட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் பம்பில் கை வைத்திருக்கும்போது வீட்டிலிருக்கும் குழந்தை ரிமோட்டை அழுத்தக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால், இவை எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு கேட் ரிமோட்டை அழுத்தினால் எதிர்வீட்டு கேட்டும் திறக்கிறது. அலைவரிசையை மாற்ற முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாற்ற வேண்டியது அலைவரிசையை அல்ல, முகவரியை. ஒரே ஆள் இரண்டு வீட்டுக்கும் பொருத்தியிருந்தால், முகவரிக் கால்கள் எட்டையும் ஒரே மாதிரி இணைத்துவிட்டிருப்பார். 8 பிட்டில் 256 முகவரிகள்தான் உண்டு என்றாலும் ஒரு தெருவுக்கு அது போதும். இவி1527 சிப் கொண்ட ரிமோட்டுகளில் 20 பிட் குறியீடு, அதாவது 10,48,576 வாய்ப்புகள் உள்ளன. இருந்தாலும், மாறாத குறியீட்டை யாரும் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பிவிட முடியும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது கவலையில்லை. வாசல் கதவுக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் ரோலிங் கோடு ரிமோட்டையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடலோரத்தில் வைத்த ரிசீவர் சில மாதங்களில் செயலிழந்துவிடுகிறது. பலகை பச்சை பூத்துப் போகிறது.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிக்கின்றன. பலகையைச் சோதித்து முடித்த பின், பற்றவைத்தபோது படிந்த ஃபிளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலரவிட்டு, மின்பலகைகளுக்கான வார்னிஷைப் பூசுங்கள். திருகும் சுருளுக்குள் வார்னிஷ் இறங்காதபடி அதை மூடிவிட்டுப் பூச வேண்டும். இரும்புப் பெட்டியில் வைத்தால் துருவும் பிடிக்கும், அலையும் உள்ளே வராது. ரப்பர் வளையம் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியே சரி. வயர் நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் போடுங்கள்.