"உங்ககிட்ட மட்டும்தான்க்கா சொல்றேன்"

கேள்வி: அக்கா, நான் மனநல வார்டில் நர்ஸ். கோர்ட் உத்தரவுப்படி ஒரு பையனை அப்சர்வேஷனில் வைத்திருக்கிறோம். சித்தப்பாவை வெட்டிக் கொன்றதாக வழக்கு. பக்கத்து ஊர்க்காரன். "உங்ககிட்ட மட்டும்தான்க்கா சொல்றேன்" என்று அன்று நடந்ததையெல்லாம் சொல்கிறான். அதை எழுதினால் துரோகமா? காவலுக்கு வரும் போலீஸ்காரர் "என்ன சொன்னான் சிஸ்டர்?" என்கிறார். இறந்தவர் வீட்டார் கல்யாண வீட்டில் என்னைப் பிடித்து, "நிஜமாவே பைத்தியமா, நடிக்கிறானா?" என்கிறார்கள். அவன் அம்மாவோ அறுவடை அரிசி அரை மூட்டையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். தூக்கமே வரவில்லை.
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதுவது துரோகமில்லை. எழுதுவீர்கள் என்று தெரியாமல் அவன் பேசிக்கொண்டிருப்பதுதான் தவறு. நாளைக்கே சொல்லிவிடுங்கள்: "தம்பி, நீ சொல்றதை டாக்டர்கிட்ட சொல்வேன், நோட்ஸ்லயும் எழுதுவேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசு." அவன் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருக்கலாம். பரவாயில்லை.

வெட்டிய கதையை நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, பழைய இபிகோ 84, பார்ப்பது செயலைச் செய்த நேரத்தில் அவன் மனநிலை என்ன என்பதைத்தான். அதை முடிவு செய்கிறவர் நீதிபதி. டாக்டரின் அறிக்கை அதற்கு ஒரு சான்று. அந்த அறிக்கைக்கு ஆதாரங்களில் ஒன்று, இரவும் பகலும் அவனைப் பார்க்கிற உங்கள் நோட்ஸ். அதனால் "நடிக்கிறான்" என்று எழுதாதீர்கள், "பாவம்" என்றும் எழுதாதீர்கள். "இரவு 2 மணிக்குச் சுவரைப் பார்த்துப் பேசினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நிறுத்தினான்" என்று எழுதுங்கள். சொன்னது அவன் வார்த்தையிலேயே இருக்கட்டும்.

போலீஸ்காரருக்குப் பதில் சுலபம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. கொலை வழக்கில் இருப்பவனும் நோயாளிதான். "டாக்டர்கிட்ட முறைப்படி கேளுங்க சார்" என்றால் போதும். ஆனால் வெளியே போய் இன்னொருவரை வெட்டுவேன் என்று அவன் சொன்னால், அந்த நிமிஷமே டாக்டரிடம் போங்கள். பிறர் உயிரைக் காக்கத் தேவையானதைச் சொல்ல அதே பிரிவு இடம் தருகிறது.

இறந்தவர் வீட்டார் விஷயம்தான் கஷ்டம். அவர்கள் ஓர் ஆளைப் பறிகொடுத்தவர்கள், கோபப்படாதீர்கள். ஆனால் நீங்கள் உதட்டைப் பிதுக்கினாலே ஊர் முழுக்க அது சாட்சி ஆகிவிடும். "பெரியம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. வார்டு விஷயத்தை நான் வெளியே பேசக்கூடாது. கேஸ் நிலவரத்தை அரசு வக்கீல்கிட்ட கேளுங்க." எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்.

அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது அரிசியைத் திருப்புவது நம் பக்கத்தில் முகத்தில் அடிப்பது மாதிரிதான், தெரியும். அதனால் ஆள் அனுப்பாமல் நீங்களே போய் காரணத்தைச் சொல்லுங்கள்: "அம்மா, இதை நான் வாங்கினா, நாளைக்கு அவனுக்குச் சாதகமா எழுதிட்டேன்னு எதிர்த்தரப்பு சொல்லும். அது உங்க பிள்ளைக்குத்தான் கெடுதல்." அந்தத் தாய்க்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் போலிருக்கும். திருவிடைமருதூர் திருநீறு கொண்டுவந்தால், இன்சார்ஜ் சிஸ்டர் அனுமதியோடு அவன் நெற்றியில் வைக்கட்டும், அவன் விரும்பினால். கொலைப்பழி துரத்திய வரகுண பாண்டியனும் நிம்மதி தேடிப்போன கோயில் என்றுதானே நம் ஊர்க்கதை. மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: அவனைப் பார்த்தால் உங்களுக்குப் பயமா, பரிதாபமா? எதுவானாலும் தனியாகச் சுமக்க வேண்டாம். ஊர்ப் பழக்கம், அரிசி, கல்யாண வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அவனைப் பார்க்கும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. அவர்கள் மாற்றினால், அதை அவனிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.